மூச்சுக்காற்றில் ஒட்டிய தங்கம்

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவின் ஓவியச் சுவடிகளில் ஒட்டிய தங்கம் 700 ஆண்டுகள் கழித்தும் மின்னுகிறதே, எப்படி?

பதில்: தங்கம் கறுக்காது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் தங்கத்துக்கு அடியில் இருக்கிறது. ஜிப்சம், ஈய வெள்ளை, சிறிது செம்மண், தோலைக் காய்ச்சி எடுத்த பசை, அதோடு கொஞ்சம் சர்க்கரை அல்லது தேன். இவற்றை அரைத்துச் சாந்தாக்கி, தங்கம் வர வேண்டிய இடத்தில் மட்டும் இறகுப் பேனாவால் இட்டு, சின்னத் தலையணைபோல் மேடாக்குவார்கள்.

சர்க்கரை எதற்கு? ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள. காய்ந்த சாந்தின்மேல் வாயால் ஆவி விட்டால் அது ஒரு கணம் பிசுபிசுக்கும். அந்தக் கணத்தில் தங்க ரேக்கை வைத்து அழுத்திவிட வேண்டும். பிறகு நாய்ப் பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். வண்ணம் தீட்டுவது அதற்குப் பிறகுதான். முன்னாலேயே தீட்டினால் ரேக்கு வண்ணத்தின்மேலும் ஒட்டிக்கொள்ளும், மெருகுக் கல் வண்ணத்தைச் சுரண்டிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் இதை நானே செய்து பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து, ‘ஓ’ வடிவத்தில். முதல் தடவை ஊதினேன், ரேக்கு ஒட்டவில்லை. “ஊதக் கூடாது, கண்ணாடியைத் துடைக்கும் முன் ஆவி விடுவோமே, அப்படி அடிநெஞ்சிலிருந்து விடுங்கள்” என்றார் ஆசிரியர். மூன்றாவது முறைதான் பிடித்தது. ரேக்கைக் கையாளும்போது மூச்சை அடக்க வேண்டும், இல்லையென்றால் பறந்துவிடும். சாந்தின்மேல் குனியும்போது மூச்சை விட வேண்டும். அந்த ஓர் எழுத்துக்கு எனக்கு ஒரு முற்பகல் முழுதும் ஆயிற்று. ஒரு பக்கத்தில் இருபது முப்பது எழுத்துகளை இப்படிச் செய்தவர்களை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இப்படி ஒரு சுவடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காண நேர்ந்தால், நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முழங்காலைச் சற்று மடக்கித் தலையைத் தாழ்த்துங்கள். வெளிச்சம் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு ஓடுவது தெரியும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பக்கத்தைப் புரட்டும் கையோடு சேர்ந்து அசைவதற்காகச் செய்த தங்கம் அது. அச்சுப் படங்களில் அதே தங்கம் வெறும் பழுப்பு நிறமாகிப் போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கேள்வி: டப்ளினில் இருக்கும் கெல்ஸ் சுவடியில் எவ்வளவு தங்கம் இருக்கிறது?

பதில்: ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. கி.பி. 800 வாக்கில் எழுதப்பட்ட அந்த நற்செய்திச் சுவடியில் தங்கம்போல் தெரியும் மஞ்சள், அரிதாரம் என்ற தாதுப்பொடி. நீலத்தை விலையுயர்ந்த லாபிஸ் லசூலிக் கல் என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். டிரினிட்டி கல்லூரியில் ஏட்டுக்குச் சேதமில்லாமல் செய்த ஆய்வில் அது செடியிலிருந்து எடுத்த அவுரி நீலம் என்று தெரிந்தது. தங்கமும் லாபிஸும் இல்லாமலே அந்தக் கைகள் செய்திருப்பதைப் பாருங்கள். 34ஆம் ஏட்டில் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் பக்கம் முழுக்கச் சுருண்டு சுழல்கின்றன. அத்தனை பிரம்மாண்டத்துக்கும் கீழே, எழுத்தின் காலடியில், ஒரு நீர்நாய் மீனைக் கவ்வியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு எலிகள் ஒரு வட்ட அப்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்க, பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு அந்தப் பக்கத்தில் மிகவும் பிடித்த இடம் அந்த மூலைதான்.

கேள்வி: சிறியதாக இருப்பதால்தானே ‘மினியேச்சர்’ ஓவியம் என்கிறார்கள்?

பதில்: இல்லை. ‘மினியம்’ என்றால் லத்தீனில் ஈயச் செந்தூரம். அந்தச் சிவப்பால் எழுத்தைத் தீட்டுவதைக் குறித்த சொல் பிறகு ஓவியத்துக்கு ஆகிவந்தது. ‘சிறியது’ என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கேள்வி: இந்தச் சுவடிகளைத் தீட்டியவர்கள் எல்லாரும் ஆண் துறவிகள்தானா?

பதில்: அப்படித்தான் நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஜெர்மனியின் டால்ஹைம் மடத்தின் இடுகாட்டில் புதைக்கப்பட்ட ஒரு நடுவயதுப் பெண்ணின் பல் காரையில் லாபிஸ் லசூலித் துகள்கள் இருந்ததை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர் வாழ்ந்தது 11ஆம் நூற்றாண்டை ஒட்டி. அந்தக் கல் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்து வர வேண்டும். தூரிகை நுனியைக் கூராக்க அவர் அடிக்கடி உதட்டில் வைத்து ஈரப்படுத்தியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் தீட்டிய பக்கம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பெயர் கிடைத்த பெண்ணும் உண்டு. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த வேலை மடங்களைத் தாண்டி நகரப் பட்டறைகளுக்கு வந்துவிட்டது. பாரிஸில் ரிஷார் த மோன்பாஸ்தோன், ழான் என்ற தம்பதி அப்படியொரு பட்டறை நடத்தினார்கள். கணவர் இறந்த பின், 1353இல், ழான் தன் பெயரிலேயே தொழில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அவர்கள் தீட்டியதாகக் கருதப்படும் சுவடி ஒன்று பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தின் அடி ஓரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பின்னால், முடித்த ஏடுகள் வரிசையாகக் காயத் தொங்குகின்றன.