ஓவனும் டீப் ஃப்ரீசரும் வாங்கினால் சாப்பாட்டுச் செலவு குறையுமா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். நான், கணவர், 13 வயது மகன், 9 வயது மகள், அத்தை என ஐந்து பேர். இரண்டு சம்பளமும் சேர்த்துக் கைக்கு 72,000 ரூபாய் வருகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் ஒன்றும் நிற்பதில்லை. போன மாதம் ஒவ்வொரு செலவாக எழுதிப் பார்த்தேன், அந்தக் கணக்கையும் கரண்ட் யூனிட் விவரத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மளிகை, காய், பால் போக, பேக்கரிக்கு மட்டும் 4,000, ஆப்பில் ஆர்டர் போட்டுச் சாப்பிட்டதற்கு 6,800 போயிருக்கிறது. 9,500 ரூபாயில் ஒரு ஓடிஜி ஓவன், 16,500 ரூபாயில் 100 லிட்டர் டீப் ஃப்ரீசர் வாங்கி, பிரெட், பன், கேக் எல்லாம் வீட்டிலேயே செய்து, சமைத்ததை உறைய வைத்துக்கொண்டால் இந்தப் பத்தாயிரமும் மிச்சம்தானே? 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ-யில் மாதம் 2,167 தான் வருகிறது. கணவர் வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: முதலில், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு போகிறது என்றே தெரியாது. நீங்கள் நினைக்கும் வழி சரிதான், வாங்கும் வரிசைதான் தப்பு. டீப் ஃப்ரீசர் வேண்டாம். ஓவன் இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்துக் கையில் இருக்கும் காசில் வாங்கலாம். ஆனால் உறைய வைக்கும் வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள், உங்கள் ஃப்ரிட்ஜின் மேல் கதவுக்குள் இருக்கும் இடமே அதற்குப் போதும்.

ஏன் என்று சொல்கிறேன். வீட்டில் பிரெட் சுட்டால் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போம். அரை கிலோ மைதா 25 ரூபாய், ஈஸ்ட் 6, வெண்ணெய் 30 கிராம் போட்டால் 18, சர்க்கரை, உப்பு, கொஞ்சம் பால் 5, ஓவன் சூடாகி வெந்து முடிய ஏறத்தாழ ஒரு யூனிட் கரண்ட். எல்லாம் சேர்த்து 60 ரூபாய் பக்கம் வந்துவிடும், முக்கால் கிலோ பிரெட் கிடைக்கும். கடையில் 400 கிராம் பாக்கெட் 45, 50 ரூபாய் என்றால் அதே முக்கால் கிலோவுக்கு 90 ரூபாய். ஆக ஒரு தடவைக்கு 30 ரூபாய். வாரம் ஒன்று சுட்டாலும் மாதம் 120 ரூபாய்தான். பிரெட்டை மட்டும் நம்பி 9,500 ரூபாய் ஓவன் வாங்கினால் போட்ட காசு திரும்ப ஆறரை வருஷம் ஆகும்.

கேக் கதை வேறு. நாலு முட்டை, 200 கிராம் மைதா, அதே அளவு சர்க்கரை, அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேல் எண்ணெய், எசென்ஸ், கரண்ட் என்று 80 ரூபாய்க்குள் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக டீ கேக் வந்துவிடும். பேக்கரியில் அதற்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுப்பீர்கள். தேங்காய் பன்னும் அப்படித்தான், ஒன்று எட்டு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் பப்ஸ் பக்கம் போகவே போகாதீர்கள். அந்த அடுக்குகள் வருவதற்கு மாவின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு போக வேண்டும். வெண்ணெயில் செய்தால் கடை விலையைத் தாண்டும், பாதி நாளும் போய்விடும். பப்ஸ் ஆசை வந்தால் பேக்கரியில் வாங்கிச் சாப்பிடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. பட்டர் பிஸ்கட்டும் இதே கதைதான்.

எங்கள் வீட்டில் 2018-ல் ஓவன் வாங்கினோம். முதல் நாலு மாதம் செலவு குறையவே இல்லை, கூடியது. கேக் டின் இரண்டு, பட்டர் பேப்பர், சாக்கோ சிப்ஸ், கோகோ பவுடர், ஒரு தடவை மட்டும் பயன்படுத்திய விப்பிங் க்ரீம் என்று மளிகை நோட்டில் புதுப்புது வரிகள் வந்தன. அவற்றை நிறுத்தி, மைதா, கோதுமை, முட்டை, எண்ணெய், வாழைப்பழம் என்று வீட்டில் எப்போதும் இருக்கும் பொருளில் மட்டும் செய்வது என்று முடிவெடுத்த பிறகுதான் கணக்கு நேரானது. அதனால்தான் முதலில் ஓவன் இல்லாமல் ஆரம்பியுங்கள் என்கிறேன். அடிகனமான பழைய வாணலியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து மூடி, கேக்கைச் செய்து பாருங்கள். நம் அம்மாக்கள் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு மாதத்தில் ஆறு தடவையாவது செய்திருந்தால் அந்தப் பழக்கம் உங்களுடையது, ஓவன் வாங்கத் தகுதியான வீடு அது.

இப்போது பெரிய செலவுக்கு வருகிறேன். 6,800 ரூபாய் ஆர்டர். அனுப்பிய கணக்கில் 17 ஆர்டர், ஒன்று சராசரி 400 ரூபாய். அதில் 12 ஆர்டர் திங்கள் முதல் வெள்ளிக்குள், எல்லாமே ராத்திரி ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில். இது ருசிக்காக ஆர்டர் போட்டதில்லை. வேலை முடிந்து வந்து, பையனுக்கு டியூஷன், பெண்ணுக்கு ஹோம்வொர்க், அடுப்பைப் பற்ற வைக்கவே கை ஓயும் நேரம் அது. உங்கள் பணம் கரைவது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் ஓவன் உதவாது, மைதாவைப் பிசைந்து இரண்டு மணி நேரம் உப்ப வைக்க அப்போது யாருக்குத் தெம்பு இருக்கும்? உறைந்த டப்பா உதவும்.

ஞாயிறு காலை ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கி, நன்றாக ஆறியதும் நாலு டப்பாவில் போடுங்கள். செவ்வாய் ராத்திரி ஒரு டப்பாவை வாணலியில் தட்டி, தண்ணீர் விட்டு, முட்டை உடைத்து ஊற்றினாலோ சென்னா போட்டாலோ பதினைந்து நிமிஷத்தில் கிரேவி தயார். சப்பாத்தி இருபதைத் தேய்த்து இரண்டு பக்கமும் அரைவேக்காடாக வாட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து ஒரு கவரில் காற்று இல்லாமல் கட்டி வைத்தால், உருக வைக்காமலே நேராகத் தோசைக்கல்லில் போடலாம். ஒரு கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை ஊற வைத்து வேக வைத்து ஆறு பங்காக உறைய வையுங்கள். கிலோ 120 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு மாலைச் சுண்டல் ஐந்து பேருக்கும் சேர்த்துத் தாளிப்போடு 30 ரூபாயில் முடியும். நாலு பப்ஸுக்கு 90, 100 கொடுக்கிறீர்கள். உங்கள் பேக்கரி பில்லைக் குறைக்கப்போவது வீட்டு பிரெட்டை விடச் சுண்டல்தான். அத்தைக்கும் அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் உறைய வைக்காதீர்கள். உருளைக்கிழங்கு பஞ்சு மாதிரி ஆகிவிடும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகிவிடும், தயிர் ஊற்றிய குழம்பு திரிந்த மாதிரி வரும். தோசை மாவு கீழேயே இருக்கட்டும். பிரெட்டை மட்டும் கீழ்த்தட்டில் வைக்கவே வைக்காதீர்கள், வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் அங்கே காய்ந்து போகும். துண்டு போட்டு மேலே உறைய வைத்தால் தேவைக்கு இரண்டு ஸ்லைஸ் எடுத்துக்கொள்ளலாம். இறைச்சியோ மீனோ ஒரு தடவை உருகினால் சமைத்துவிட வேண்டும், பச்சையாகத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். தேதி இல்லாத டப்பாவை யாரும் தொட மாட்டார்கள், ரெண்டு மாதம் கழித்து அது குப்பைக்குப் போகும், அதுவும் பணம்தான்.

விலை விழும்போது வாங்கி வைப்பதிலும் நல்ல மிச்சம் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி 150 ரூபாயைத் தாண்டியது, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். கிலோ 15, 20-க்கு விழும் வாரத்தில் ஐந்து கிலோவை வேக வைத்து அரைத்து, சுண்ட வைத்து, ஐஸ் ட்ரேயில் உறைய வைத்துக் கட்டிகளாகக் கவரில் போட்டுவிட்டால் கால் தட்டு இடம்கூட ஆகாது. தேங்காயும் அப்படி, துருவி வைத்தால் இரண்டு மாதம் தாராளமாக வரும். பச்சைப் பட்டாணி மலிவாக வரும் தை, மாசியில் வாங்கி, கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி வையுங்கள்.

சரி, இனி டீப் ஃப்ரீசர் ஏன் வேண்டாம். மின் கட்டணத்தைப் பார்த்தீர்களா? உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 440 யூனிட் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 100 லிட்டர் ஃப்ரீசர் நாளுக்குச் சுமார் ஒரு யூனிட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 60. வாரம் இரண்டு தடவை ஓவன் என்றால் இன்னொரு 16. மொத்தம் 516. தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 யூனிட் வரையிலான குறைந்த விலை கிடையாது, அந்த நூறு யூனிட்டுக்கும் இரட்டிப்பு விலை. அந்த இழப்பையும் கூடுதல் யூனிட்டையும் சேர்த்தால் ஒரு பில்லுக்கு 700 ரூபாய்க்குக் குறையாது. ஓவன் மட்டும் என்றால் 456-ல் நிற்கும், பயமில்லை. ஓவனைச் சூடாக்கிய பிறகு பிரெட் எடுத்ததும் அதே சூட்டில் கேக்கை உள்ளே வைத்துவிடுங்கள், இன்னும் குறையும்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்பதையும் நம்பாதீர்கள். ப்ராசஸிங் ஃபீஸ் இருக்கும், கார்டில் போட்டால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கும், மொத்தப் பணம் கொடுத்தால் கடைக்காரர் தரும் தள்ளுபடி கிடைக்காமல் போகும்.

மிச்சம் எவ்வளவு என்று நீங்கள் போட்ட 10,800-ஐ நான் நம்பவில்லை. வார இறுதி ஆர்டர் ஐந்தும் இருக்கட்டும், பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடுவது அது. வாரநாள் 12-ல் எட்டைத் தவிர்த்தால் 3,200, அதில் பொருள் செலவு 900 போக 2,300. பேக்கரி பாதியாகக் குறைந்தால் 2,000, பொருளுக்கு 800 போக 1,200. மாதம் 3,500 ரூபாய். இஎம்ஐ-யில் இரண்டையும் வாங்கியிருந்தால் இதில் 2,167 தவணைக்கு, 350 கரண்டுக்கு. கையில் நிற்பது ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. வாங்காமல் இருந்தால் மூன்றே மாதத்தில் ஓவன் காசு வந்துவிடும்.

இந்த 3,500 ஒரு விஷயத்தை நம்பித்தான் இருக்கிறது. ஞாயிறு மூன்று மணி நேரம் யார் நிற்பது? நீங்கள் ஒருத்தர் என்றால் ஆறாவது வாரம் இது நின்றுவிடும், நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன். வேண்டாம் என்று சொன்ன உங்கள் கணவர் வெங்காயம் நறுக்கட்டும், மகன் சப்பாத்தி வாட்டட்டும், 13 வயதுக்கு அது முடியும். தேதி எழுதி ஒட்டும் வேலை மகளுக்கு. ஒருவர் முதுகு ஒடிந்து வரும் மிச்சத்தை நான் மிச்சம் என்று எழுத மாட்டேன்.

கரண்ட் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள், காலி இடத்தில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்தால் குளிர் நிற்கும். அப்புறம் ஒரு சின்ன கப்பில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் கப்பின் அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகளுக்கு 9 வயது என்கிறீர்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள்தான் தொடங்க முடியும். பிறந்தநாள் தாண்டினால் கதவு மூடிவிடும். தொடங்க 250 ரூபாய் போதும், வருஷத்துக்கு 1.5 லட்சம் வரை போடலாம், 15 வருஷம் கட்ட வேண்டும், 18 வயதிலோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். ஓவன் காசு சேர்ந்த பிறகு வரும் 3,500-ல் 2,000 அதில் போகட்டும், மீதி 1,500 மகன் பெயரில் அஞ்சலக ஆர்டிக்கு. ஆனால் கணக்கை இப்போதே தொடங்கிவிடுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் கார்டு, இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போய் வாருங்கள்.