பார்த்த மாத்திரத்தில்

கேள்வி: கிறிஸ்தவன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி நாம் வாழ வேண்டாமா? எங்கள் சபை வாலிபர்கள் உடையிலும் முடியிலும் பாட்டிலும் உலகத்தாரைப் போலவே இருக்கிறார்கள். எதை எதை விட்டுவிடச் சொன்னால் வேறுபாடு தெரியும்?
– ஒரு சபை மூப்பர்

பதில்: "பார்த்த மாத்திரத்தில்" என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா, என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. சுவிசேஷங்களில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தவர்கள் யார்? வேத வசனம் வைத்துக் கட்டிக்கொள்ளும் காப்புநாடாக்களை அகலமாக்கி, வஸ்திரத்தின் தொங்கல்களைப் பெரிதாக்கிக்கொண்ட பரிசேயர்கள் (மத்தேயு 23:5). தூரத்தில் வரும்போதே தெரிந்திருக்கும். இயேசுவைப் பிடிக்கக் கெத்செமனேக்கு வந்தவர்களுக்கோ ஆள்காட்டி ஒருவன் தேவைப்பட்டான். நான் யாரை முத்தமிடுகிறேனோ அவர்தான் என்று யூதாஸ் முன்கூட்டியே அடையாளம் சொல்லி வைத்திருந்தான். சீஷர்கள் நடுவில் நின்றவரை உடையை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. உயிர்த்தெழுந்த காலையில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். எம்மாவுக்குப் போன இரண்டு பேர் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தும் கண்டுகொள்ளவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது. பேதுருவை மட்டும் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் நின்றவர்கள் சரியாகப் பிடித்தார்கள், உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று. அப்போது பேதுரு, இயேசுவை அறியேன் என்று சபிக்கவும் சத்தியம் பண்ணவும் தொடங்கினார்.

இரண்டாம் நூற்றாண்டில் தியொக்நேத்து என்பவருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குத் தனி ஊர் இல்லை, தனி மொழி இல்லை, உடையிலும் உணவிலும் அந்தந்த ஊர் வழக்கத்தையே பின்பற்றுகிறார்கள் என்று அது சொல்கிறது. பிறகுதான் வேறுபாட்டைச் சொல்கிறது: எல்லாரையும் போல மணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் பிறந்த பிள்ளையை வெளியே எறிவதில்லை. வேண்டாத சிசுவை எறிந்துவிடுவது ரோமப் பேரரசில் சாதாரணம். தெருவில் நடக்கும்போது யாருக்கும் தெரியாத வேறுபாடு, பிள்ளை பிறந்த வீட்டுக்குள் தெரிந்தது.

வெளியார் சாட்சியும் இருக்கிறது. சுமார் 112-இல், இன்றைய துருக்கியிலிருந்த ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு விசாரணை அறிக்கை அனுப்பினார். சபையில் ஊழியக்காரிகள் எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தவர் அவர். சாதகமாக எழுத அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். கடைசி இரண்டையும் மறுபடி படியுங்கள். ஒன்று வாக்கு, மற்றது அடுத்தவன் பொருள். அந்த அறிக்கையில் உடையைப் பற்றிப் பேச்சே இல்லை.

உடையால் பிரிந்து நிற்பதை முழு மனதோடு செய்து பார்த்தவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்கிய அவர்களை நான் மதிக்கிறேன். நீதிபதிக்கு முன்னாலும் தொப்பியைக் கழற்றாமல் சிறைக்குப் போனார்கள். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்தார்கள். கடை வைத்தவர்கள் பேரம் இல்லாமல் ஒரே விலை சொன்னார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள். பிறகு, சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்கள். பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே விலை: இது வேறுபட்ட ஜீவியம். ஆனால் இதே மக்களில் பலர் அமெரிக்காவில் எளிய உடுப்போடு அடிமைகளையும் வைத்திருந்தார்கள். 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அதை எதிர்த்து மனு எழுதினார்கள். அவர்கள் சபையின் மாதக் கூட்டம் இது பாரமான விஷயம் என்று காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. காலாண்டுக் கூட்டம் வருடாந்தரக் கூட்டத்துக்குத் தள்ளியது. அங்கே தீர்ப்பே சொல்லவில்லை. அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று பிலடெல்பியா வருடாந்தரக் கூட்டம் விதித்தது 1776-இல். இடையில் 88 வருடங்கள். அத்தனை காலமும் அவர்கள் பார்த்த மாத்திரத்தில் தெரியும்படிதான் உடுத்தியிருந்தார்கள். உடுப்பு சரியாக இருந்ததால் மற்றதும் சரியாக இருக்கிறது என்ற நிம்மதி வந்துவிட்டதோ என்பது என் சந்தேகம். உங்கள் வாலிபர்களைப் பற்றி எனக்குள்ள பயமும் அதுதான். முடியை வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவார்கள். அதோடு கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கணக்கு என்றதும் என் பழைய வழக்கு ஒன்று. இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது, கோபித்துக் கடிதம் போடுகிறவர்களுக்கும் அலுக்கவில்லை. "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று சாட்சி சொல்கிறவர், பணம் பறிகொடுத்தவனை மறந்துவிடுகிறாரே, அதைத்தான் சொல்கிறேன். லேவியராகமம் 6:1-7 தெளிவாக இருக்கிறது. ஒப்புவித்த பொருளை மறுத்தவன், பறித்தவன், இடுக்கண் செய்தவன், கண்டெடுத்ததை இல்லை என்றவன் எல்லாரும் முதலை முழுதாகக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். 1,000 எடுத்திருந்தால் 1,200. குற்றநிவாரண பலி செலுத்தும் அதே நாளில் உரியவன் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். உரியவன் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினனும் இல்லை என்றால்தான் அது ஆசாரியனுக்கு (எண்ணாகமம் 5:8). இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் இன்று அடிக்கடி நடக்கும் தவறு. உரியவன் உயிரோடு இருக்கும்போதே பணத்தைக் காணிக்கைப் பையில் போட்டு மனதை ஆற்றிக்கொள்கிறார்கள். வரி வசூலித்த சகேயு, இயேசு அழைத்ததும் மரத்திலிருந்து இறங்கிச் சொன்னதில் ஏழைகளுக்குப் பாதி. யாரிடம் அநியாயமாய் வாங்கினானோ அவனுக்கு நான்கு மடங்கு, அவனிடமே.

செய்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் காகிதத்தில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போதிலிருந்து. வேலை செய்யும் இடத்திலிருந்து எடுத்து வந்த பொருளும், பொய்க் கணக்குக் காட்டி வாங்கிய பயணப்படியும் இந்தப் பட்டியலில் வரும். ஐந்தில் ஒன்றைக் கூட்டுங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணை கேளுங்கள். தேதியும் தொகையும் சொல்லுங்கள். "சீக்கிரம் தருகிறேன்" என்பது உள்ளதை உள்ளதென்று சொல்வதில் சேராது. சொன்ன தேதிக்கு முடியாது என்று தெரிந்தால் அந்தத் தேதிக்கு முன்பே போய்ச் சொல்ல வேண்டும். கழிந்த பிறகு சொல்வது சாக்கு. கொடுக்கும்போது என்ன செய்தேன் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள். அது குற்றத்தை அவர் மனதின் மேல் போட்டுவிடும். கூடவே கைப்பிரதி நீட்டாதீர்கள், சபைக்கு அழைக்காதீர்கள். கடனைத் தீர்க்கப் போன இடத்தில் பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்தால் அது வியாபாரமாகிவிடும். சபையில் எழுந்து அறிக்கையிட ஆசை வந்தாலும், அடுத்தவர் பெயர் அதில் அடிபடுமானால் வாயைத் திறக்க வேண்டாம். சட்டப்படி குற்றமான விஷயம் என்றால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். பயத்தில் பாதி சொல்லிப் பாதி மறைப்பதுதான் அங்கே வழக்கமாக நடக்கும் விபத்து.

வெளியே தெரியவே கூடாதவை என்று இயேசு மூன்றைப் பிரித்து வைத்தார்: தருமம், ஜெபம், உபவாசம் (மத்தேயு 6). உபவாசத்தன்று தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவச் சொன்னார், யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று. இரண்டாம் நூற்றாண்டு ரோமச் சபையில் எழுதப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பன்' என்ற நூல் இதற்கு ஒரு நல்ல நடைமுறை சொல்கிறது. உபவாச நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும். வழக்கமாகச் சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் செலவைக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுக்க வேண்டும். இதை உங்கள் வாலிபர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு வேளை போதும். மிச்சமான தொகையை அன்றைக்கே தனியாக எடுத்து வைக்க வேண்டும். மாதக் கடைசிக்குத் தள்ளினால் அது வேறு செலவோடு கலந்து காணாமல் போகும். பெயர் எழுதாத உறை. காணிக்கை கொடுத்தவர்களின் பட்டியலை ஆராதனையில் வாசிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்த வேண்டும் என்பதை இங்கேயும் ஒரு முறை சொல்லி வைக்கிறேன்.

எதை விடச் சொல்வது என்று கேட்டீர்கள். விலை சொல்லும்போது ஆளுக்கேற்ப மாற்றுவதை. பொன்மோதிரக்காரனுக்கு முன் நாற்காலியும் கந்தைக்காரனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதை (யாக்கோபு 2). ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி, நேரில் சொல்லத் துணியாததைச் சொல்வதை. பாட்டையும் முடியையும் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உபாகமம் 24:15 கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது. அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் தருகிறது. உங்கள் சபையைப் பெருக்கித் துடைக்கிறவருக்கு இந்த மாதச் சம்பளம் உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா என்று பொருளாளரிடம் கேளுங்கள், ஐயா. சேரவில்லை என்றால் வாலிபர் கூட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.