பாண்டுப் உப்பளத்து ஹாலோமோனாஸ்: 98.2 விழுக்காடு போதுமா?

வணக்கம். மும்பை பாண்டுப் உப்பளத்தில் பிரித்தெடுத்த ஹாலோமோனாஸ் என்ற உப்பு விரும்பும் பாக்டீரியத்தின் 16எஸ் மரபணு (பாக்டீரிய இனங்களை அடையாளம் காண ஒப்பிடும் மரபணு), நெருங்கிய இனத்தோடு 98.2 விழுக்காடே ஒத்திருப்பதால் அது புதிய இனமா என்று கேட்டிருக்கிறீர்கள். 98.7 என்ற வழக்கமான எல்லைக்குக் கீழே இருப்பது நல்ல அறிகுறிதான். ஆனால் நீங்கள் ஒப்பிட்டது 700 நியூக்ளியோடைடுகளை (டிஎன்ஏவின் எழுத்துகளை) மட்டுமே என்பதால், ஏறத்தாழ 1,500 நீளமுள்ள முழு மரபணுவையும் வரிசைப்படுத்தி, முறையாகப் பெயரிடப்பட்ட இனங்களின் வகைத் திரிபுகளோடு (அந்தந்த இனத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்ட மூல வளர்ப்புகளோடு) ஒப்பிட்ட பிறகே அந்த எண்ணை நம்பலாம். இந்தப் பேரினத்தில் ஒரே உயிரணுவிலுள்ள 16எஸ் நகல்களே தமக்குள் வேறுபடுவதுண்டு. ஆகவே கையிலிருக்கும் பணத்தை முதலில் மரபணுத்தொகையை (பாக்டீரியத்தின் மொத்த டிஎன்ஏவை) வரிசைப்படுத்தவே செலவிடுங்கள். கொழுப்பு அமிலப் பகுப்பாய்வு காத்திருக்கட்டும். நெருங்கிய இனங்கள் அனைத்துடனும் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95 விழுக்காட்டுக்கும், கணினிவழி டிஎன்ஏ கலப்பு மதிப்பு 70 விழுக்காட்டுக்கும் (இரண்டுமே மரபணுத்தொகைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் அளவுகள்) கீழே வந்தால் உங்கள் வாதம் நிற்கும். பெயர் செல்லுபடியாக, இரு வேறு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் திரிபை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புமுன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள்.