வாரம் பெர்சி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

இங்கிலாந்தில், லீட்ஸில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு யார்க்‌ஷயரில் இருக்கும் வாரம் பெர்சி (Wharram Percy) என்ற கைவிடப்பட்ட பழைய கிராமத்துக்குப் போனோம். ஒரு இடிந்த சர்ச், சுற்றிலும் புல்வெளி, அவ்வளவுதான். பிளேக்கில் ஊரே அழிந்துபோனது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், உண்மையா? "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று மனைவி கேட்கிறாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி கேட்டது நியாயம்தான். கூரையில்லாத சர்ச்சையும் பாதிக் கோபுரத்தையும் பார்க்கவா சேற்றில் இவ்வளவு தூரம் இறங்கி வந்தோம் என்று யாருக்கும் தோன்றும்.

பிளேக் கதையை விட்டுவிடுங்கள். 1349இல் அது யார்க்‌ஷயரைப் போட்டு வாட்டியது நிஜம், ஆனால் அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருஷம் போல அந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள். ஊரைக் காலி செய்தது ஆடு. கம்பளிக்கு நல்ல விலை கிடைத்தது, மேய்க்க ஓரிரு ஆள் போதும், அதனால் 1500ஐ ஒட்டி நிலத்துக்காரரான ஹில்டன் பிரபு மிச்சமிருந்த குடும்பங்களையும் கிளப்பிவிட்டு உழுத நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டார்.

அப்புறம் சர்ச் மட்டும் எப்படித் தப்பியது? அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் அதுதான் பங்குக் கோயில். திக்ஸண்டேல்காரர்கள் 1870இல் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொள்ளும்வரை மேடும் பள்ளமும் ஏறி இறங்கி இங்கேதான் வந்தார்கள். கடைசி ஆராதனை 1949இல். பிறகு கூரையின் ஈயத்தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போனார்கள், 1959இல் கோபுரத்தில் பாதி சரிந்தது.

சர்ச்சுக்கு வெளியே நின்று பக்கச் சுவரைப் பார்த்தீர்களா? தூணும் வளைவும் சுவருக்குள்ளேயே புதைந்து நிற்கும், இடையில் கல்லை வைத்து அடைத்திருப்பார்கள். கூட்டம் பெருகிய காலத்தில் சர்ச்சை அகலமாக்க இரண்டு பக்கமும் இறக்கிக் கட்டி, அந்த வளைவுகளைத் திறந்த வழியாக விட்டிருந்தார்கள். ஆள் குறைந்ததும் அதை இடித்துவிட்டு வளைவுகளை அடைத்து ஜன்னல் வைத்துவிட்டார்கள். ஊர் வளர்ந்ததும் தேய்ந்ததும் அந்த ஒரு சுவரிலேயே இருக்கிறது, என்னைக் கேட்டால் கோபுரத்தைவிட அதுதான் முக்கியம். (எல்லோரும் போட்டோ எடுப்பது என்னவோ கோபுரத்தைத்தான்.)

"சுற்றிலும் புல்வெளி" என்கிறீர்களே, அதில்தான் ஊரே கிடக்கிறது. வரலாற்றாசிரியர் மோரிஸ் பெரஸ்ஃபோர்டு 1950இல் தோண்ட ஆரம்பித்தார், தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் சேர்ந்துகொண்டார், 1990 வரை கோடைக்குக் கோடை வேலை நடந்தது. சர்ச்சுக்கு மேலே மேட்டில் ஏறினால் வீடுகளின் அடித்தளமும் கொல்லைகளின் எல்லையும் வரப்பு வரப்பாகப் புல்லுக்கடியில் தெரியும். உச்சிவெயிலில் தட்டையாகத்தான் இருக்கும், சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் போங்கள். நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், மழை பெய்திருந்தால் அந்தச் சரிவு வழுக்கும்.