வெயில் காலத்தில் அடுப்பும் பசியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெயில் ஏற ஏற, வருகிற கேள்விகளும் மாறிவிடுகின்றன. இந்த முறை பலரும் ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள். அடுப்படியில் நிற்க முடியவில்லை. இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காமல் எளிதாக என்ன செய்வது, அதை எப்படி ருசித்துச் சாப்பிடுவது? அடுப்பு எரியும் நேரத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். தட்டில் விழுவதைக் குறைக்க வேண்டியதில்லை. கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: தாவர உணவு என்றால் பயறும் பருப்பும்தான் ஆதாரம். ஆனால் அவை வேக நேரம் பிடிக்கிறது, சமையலறையே கொதிக்கிறது. வழி உண்டா?

உண்டு. முதலில் எது சீக்கிரம் வேகும், எது வேகாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோல் நீக்கி உடைத்த பருப்புகளை ஊறவைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. மைசூர் பருப்பு சாதாரணப் பாத்திரத்திலேயே 15 முதல் 20 நிமிடத்தில் குழைந்துவிடும். வாரநாட்களுக்கு இதுபோன்றவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டைக்கடலை போன்ற முழுப் பயறுகளை வாரத்துக்கு இரண்டு முறை மொத்தமாக வேகவைத்துவிடலாம். அதிகாலையில் வெயில் வருவதற்குள் முடித்துவிட்டால் வீடும் சூடேறாது. வெந்ததை ஆறவைத்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் கவலை இல்லை. வேகவைக்கும் முன் முழுப் பயறு 8 முதல் 12 மணி நேரம் ஊற வேண்டும் என்பது தெரிந்ததுதான். கோடையில் அந்த ஊறலை ஃபிரிட்ஜுக்குள் நடத்துங்கள். வெளியே வைத்தால் காலையில் தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கும். ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டால் தோல் மென்மையாகி, வேகும் நேரம் குறையும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று சொல்வதை நம்பாதீர்கள். வேகவிடாமல் தடுப்பது புளிப்புதான். தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் பயறு மெத்தென்று ஆன பிறகே சேர்க்க வேண்டும்.

பிரஷர் குக்கர் இருந்தால் கோடையில் அதைவிட நல்ல துணை கிடையாது. உள்ளே வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை போவதால் நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நீராவியும் அறையெல்லாம் பரவாது. அடுப்பை அணைத்த பிறகு ஆவியை வெளியே எடுத்துவிடாமல் அப்படியே விடுங்கள், மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடந்துவிடும்.

சிவப்பு ராஜ்மா விஷயத்தில் மட்டும் நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் சரியாக வேகாவிட்டால் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் முழுதாக வேகவிடுங்கள். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரங்களில் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது. அவற்றின் சூடு அந்தப் புரதத்தை அழிக்கப் போதாது.

கேள்வி: மதியம் சாலட் மட்டும் சாப்பிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் பசி எடுத்துவிடுகிறது. ஏன்?

வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். தக்காளியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு பெரிய கிண்ணம் நிறைய சாப்பிட்டாலும் தாகம் தணியுமே தவிர, பசி அடங்காது. அதைச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

கிண்ணத்தில் பாதி காய்கறி இருக்கட்டும். மீதிப் பாதியில் வெந்த பயறும் ஏதாவது ஒரு தானியமும் இருக்க வேண்டும். 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம் புரதம் கிடைக்கிறது. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அவற்றில் தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் பயறில் தாராளம். பயறில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டையும் ஒரே வேளையில்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

கொழுப்பையும் ஒதுக்காதீர்கள். காரட், தக்காளி, கீரை ஆகியவற்றில் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகளை உடல் உறிஞ்சிக்கொள்ள அது தேவை. எண்ணெயே இல்லாத சாலட்டில் அந்தச் சத்தில் பெரும்பகுதி வீணாகிறது. நான் அடிக்கடி செய்வது இது: இரண்டு மேசைக்கரண்டி வறுத்த எள் அல்லது நிலக்கடலை, ஒரு பூண்டுப் பல், அரை எலுமிச்சையின் சாறு, உப்பு, கொஞ்சம் தண்ணீர். எல்லாவற்றையும் மையாக அரைத்தால் கெட்டியான ஒரு கலவை வரும். கொண்டைக்கடலை, வெள்ளரி, தக்காளி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கை நிறையப் புதினா எல்லாவற்றையும் அதில் புரட்டுங்கள். அடுப்பே பற்றவைக்காத சாப்பாடு, மாலை வரை தாங்கும். வெள்ளரி, தக்காளியில் உப்பு பட்டதும் தண்ணீர் விட ஆரம்பிக்கும் என்பதால், சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ச்சியாகச் சாப்பிடலாம் என்று செய்கிறேன். சூடாக இருக்கும்போது நன்றாக இருந்தது, குளிர்ந்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது. என் கைப்பக்குவம் சரியில்லையா?

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. உணவு குளிரக் குளிர, மணம் தரும் பொருட்கள் குறைவாகவே ஆவியாகின்றன, மூக்குக்கு எட்டுவதில்லை. இனிப்பை நாக்கு உணர்வதும் மங்குகிறது. ஆகவே சூட்டில் சரியாக இருந்த உப்பும் புளிப்பும் குளிரில் போதாமல் போகும். குளிர்ந்த பிறகு ஒரு முறை ருசி பார்த்துச் சரிசெய்யாமல் பரிமாறாதீர்கள். பெரும்பாலும் உப்பைவிடக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறுதான் குறையாக இருக்கும். முதலில் அதைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் உப்பு. புதினா, கொத்தமல்லி, துளசி போன்ற பச்சிலைகளைக் கடைசி நிமிடத்தில் கையால் கிள்ளிப் போட்டால், போன மணம் வேறு வழியில் திரும்பி வரும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு கால் மணி நேரம் வெளியே வைத்துச் சாப்பிடுவதும் நல்ல வழி. பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சியில் எந்தச் சாப்பாடும் ருசிக்காது. லேசான குளிர்ச்சிதான் எனக்குப் பிடித்தது.

எல்லா உணவும் குளிர்ச்சிக்கு ஏற்றதல்ல. சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் உள்ள மாவுச்சத்து ஆறும்போது இறுகுகிறது. அதனால்தான் ஃபிரிட்ஜ் சோறு விறைத்துக் கிடக்கிறது. நூடுல்ஸ் அப்படி இல்லை. வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தொட்டுப் புரட்டிவிட்டால் குளிர்ச்சியாகவே நன்றாக இருக்கும். உருளைக்கிழங்கைச் சேர்ப்பதானால், சூடாக இருக்கும்போதே எலுமிச்சையும் எண்ணெயும் உப்பும் கலந்துவிடுங்கள், உள்ளே வரை ஊறும். ஆறிய பிறகு ஊற்றினால் மேலேயே நிற்கும். குளிர்ந்த உணவுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து, வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை சரி.

இன்னொன்று, மொறுமொறுப்பு. குளிர்ந்த உணவில் மணம் குறைகிற இடத்தை வாயில் படும் பதம் நிரப்புகிறது. வறுத்த விதைகள், பச்சை வெங்காயம், நறுக்கிய முள்ளங்கி என்று கடிக்க ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: மதியம் வடித்த சோறு இரவு வரை மேசை மேலேயே இருக்கிறது. நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, நச்சை உண்டாக்கும். அந்த நச்சு பிறகு சூடாக்குவதால் போகாது. மறுபடி சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது.

சமைத்த உணவு எதுவும் 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்கு இடையில் நெடுநேரம் கிடக்கக் கூடாது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரம் எல்லை. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரிய பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். மறுநாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வெந்த பயறுக்கும் வெளியே கிடக்கும் நேரத்தின் கணக்கு இதேதான்.

கேள்வி: தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பழுக்காததை வைக்காதீர்கள், குளிரில் மணம் சரியாக உருவாகாது. நன்றாகப் பழுத்து இனி தாங்காது என்றால் வைக்கலாம். சாப்பிடும் முன் வெளியே எடுத்துவைத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. எங்களோடு சேர்ந்து தாவர உணவுக்கு மாறிவிட்டார். வெயில் வந்ததும் சாப்பாடே வேண்டாம் என்கிறார். என்ன கொடுப்பது?

வெப்பத்தில் பசி மந்தமாவது இயல்பு. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் குறைந்துவிடுவதால், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். இதய நோய், சிறுநீரகக் கோளாறு காரணமாக நீரையும் உப்பையும் மருத்துவர் கட்டுப்படுத்தியிருந்தால், அந்த அளவே முக்கியம்.

தட்டு நிறைய வைத்துச் சாப்பிடச் சொன்னால் பார்த்ததுமே மனம் விலகும். சின்னக் கிண்ணங்களில், நாளுக்கு ஐந்து முறை கொடுத்துப் பாருங்கள். நீர்க்கக் கரைத்த பருப்புச் சாறு எலுமிச்சை பிழிந்து, மென்மையான டோஃபு (சோயா பாலைத் திரித்துச் செய்யும் கட்டி), நிலக்கடலை விழுது சேர்த்து அரைத்த வாழைப்பழம், இரவு முழுக்க ஃபிரிட்ஜில் சோயா பாலில் ஊறிய ஓட்ஸ். இவை எல்லாம் மெல்லச் சிரமமில்லாதவை, புரதமும் உள்ளவை. காலையும் மாலையும் வெயில் தணிந்திருக்கும்போதுதான் அவருக்கு உண்மையான பசி வரும். கனமான வேளையை அங்கே நகர்த்துங்கள், மதியத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வைட்டமின் பி12 பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தாவர உணவில் இதை நம்பகமாகத் தருவது எதுவும் இல்லை. வயதாக ஆக உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் திறனும் குறைகிறது. முழுத் தாவர உணவுக்கு மாறிய எவருக்கும், அம்மாவுக்கு இன்னும் கூடுதலாக, பி12 மாத்திரையோ செறிவூட்டிய உணவோ தேவை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்டுவிடுங்கள். உடல் நாளுக்கு நாள் தளர்ந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ வெயில் காலம்தானே என்று விடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: காரம் சாப்பிட்டால் உடம்பு குளிரும் என்கிறார்கள், உண்மையா?

ஓரளவுக்கு. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. வியர்க்கிறது, வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமென்றால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், அசௌகரியம்தான் மிஞ்சும். பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்துச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: தர்பூசணியைச் சாப்பாட்டிலேயே சேர்க்கலாமா, தனியாகத்தான் சாப்பிட வேண்டுமா?

தாராளமாகச் சேருங்கள். துண்டுகளில் சிட்டிகை உப்பு தூவினால் இனிப்பு எடுப்பாகத் தெரியும். அதோடு எலுமிச்சைச் சாறு, புதினா, மெல்லிய வெங்காயம், வறுத்த பூசணி விதை. டோஃபுவைச் சதுரமாக வெட்டி, எலுமிச்சையிலும் உப்பிலும் அரை மணி நேரம் ஊறவைத்துச் சேர்த்தால் முழுச் சாப்பாடாகவே ஆகிவிடும். எனக்கு இந்தப் பருவத்தில் மிகவும் பிடித்த கிண்ணம் இது. வெட்டும் முன் தோலை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் மேலே இருக்கும் அழுக்கும் கிருமியும் கத்தியோடு உள்ளே போகும். வெட்டி மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.