ரேகை விழாதவர் என்ன செய்வார்? தேசிய அடையாள அட்டையும் பயோமெட்ரிக்கும்: கேள்வி பதில்

தேசிய அடையாள அட்டைத் திட்டங்களில் கைரேகை, கருவிழி, முகம் ஆகிய உடல் அடையாளங்களை (பயோமெட்ரிக்) பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இவற்றை ஒப்பிடும் மென்பொருள்களைச் சோதிப்பது என் தொழில்.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயது. எங்கே போனாலும் அவருடைய ரேகை விழுவதில்லை. “நன்றாக அழுத்துங்கள்” என்கிறார்கள். அழுத்தியும் பயனில்லை. அவர் கையில் ஏதாவது கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. அவரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். ரேகையின் மேடு கண்ணாடியில் படும், பள்ளம் படாது. அந்த வேறுபாட்டைத்தான் ஸ்கேனர் படம் பிடிக்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்ந்து மேடுகள் தட்டையாகிவிடும். அந்த நிலையில் பலமாக அழுத்தினால் மேடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படம் கறுப்புத் திட்டாக வரும். விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, லேசாக வைத்து, அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலில் வரவில்லையென்றால் வேறு விரல்களையும் முயலலாம்; பத்து விரல்களும் பதிவாகியிருந்தால் மோதிர விரல் பல சமயம் கைகொடுக்கும்.

முதியவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் அல்ல இது. சிமென்ட்டில் உள்ள காரம் கொத்தனாரின் விரல்களை அரித்துவிடும். கேப்சிடபைன் என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு ரேகையையே அழித்துவிடுகிறது. அந்த மருந்தை உட்கொண்ட சிங்கப்பூர் நோயாளி ஒருவர் ரேகை இல்லாததால் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டதை ஒரு மருத்துவ இதழ் 2009-ல் பதிவு செய்தது. ஆக, உழைத்தவர்கள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோரிடம்தான் இந்தக் கருவி அதிகம் தோற்கிறது. அரசின் உதவி மிகவும் தேவைப்படுபவர்களும் அவர்களே என்பதுதான் என்னை வருத்துகிறது.

கேள்வி: துல்லியம் 99.9 சதவீதம் என்கிறார்கள். அது போதாதா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. “இந்த அட்டைக்கு உரியவர் இவர்தானா?” என்று ஒருவரை ஒரே ஒரு பதிவோடு ஒப்பிடுவது ஒரு வேலை. அதில் ஆயிரத்துக்கு ஒருவர் தவறாக மறுக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 10 கோடிப் பேர் சரிபார்க்கப்பட்டால் 1 லட்சம் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

“இவர் வேறு பெயரில் ஏற்கெனவே பதிந்திருக்கிறாரா?” என்று தேடுவது இன்னொரு வேலை. இது பல மடங்கு கடினம். ஒவ்வொரு புதியவரையும் பழைய பதிவுகள் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். ஒரு ஒப்பீட்டில் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்றாலும், 10 கோடிப் பதிவுகளில் தேடும்போது ஒவ்வொருவருக்கும் சராசரியாக 100 போலிப் பொருத்தங்கள் கிடைக்கும். 2009-ல் தொடங்கிய இந்தியாவின் ஆதார் திட்டம் ஒரு விரலோடு நிற்காமல் பத்து விரல்கள், இரண்டு கருவிழிகள், முகப்படம் என்று எடுத்ததற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம்.

கணினி “ஆம்”, “இல்லை” என்று சொல்வதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு பதிவுகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கு அது ஒரு மதிப்பெண்ணைத்தான் தருகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் ஏற்பது என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். எல்லையைத் தாழ்த்தினால் ஆள்மாறாட்டம் எளிதாகும். உயர்த்தினால் உண்மையானவர் வெளியே நிற்பார். யாரை வெளியே நிறுத்துவது என்ற இந்த முடிவைப் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிடுவது தவறு. அந்த எல்லை என்ன, அதனால் எத்தனை பேர் மறுக்கப்படுகிறார்கள் என்பது மக்கள் மன்றத்துக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: பதிவு செய்யப் போன என் தம்பிக்கு “ஏற்கெனவே பதிவாகியுள்ளது” என்று மறுப்பு வந்திருக்கிறது. அவன் இதுவரை பதிவே செய்ததில்லை.

மேலே சொன்ன போலிப் பொருத்தமாக இருக்கலாம். பதிவு மையத்தில் வேறொருவரின் விரல் இவர் பெயரில் ஏறியிருக்கலாம்; அல்லது இவருடைய விரல் வேறொருவர் பெயரில் ஏறியிருக்கலாம். இரண்டு பதிவுகளையும் பயிற்சி பெற்ற ஒருவர் அருகருகே வைத்துப் பார்த்தாரா என்று எழுத்துமூலம் கேளுங்கள். கணினியின் மறுப்பை மட்டும் வைத்து உங்கள் தம்பியை மோசடிக்காரர் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களைக் கருவி குழப்பிக்கொள்ளுமா?

முகத்தில் குழப்பிக்கொள்ளும். ரேகையும் கருவிழியும் அவர்களுக்கும் வெவ்வேறுதான்.

கேள்வி: தரவுத்தளத்திலிருந்து என் ரேகை திருடு போனால்?

நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான். 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடப்பட்டது தெரியவந்தது. அவர்களுக்கு வேறு விரல் கொடுக்க யாராலும் முடியாது. எஸ்டோனியாவில் 2017-ல் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே ஏறக்குறைய 7.6 லட்சம் அடையாள அட்டைகளின் சிப்பில் ரகசியச் சாவியை (அட்டைக்கு உரியவரை உறுதிப்படுத்தும் நீண்ட ரகசிய எண்) உருவாக்கும் முறையிலேயே ஓட்டை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சாவிகளுக்கான பழைய சான்றிதழ்களை முடக்கினார்கள்; புதிய சாவிகளை உருவாக்கிக்கொள்ள வழி செய்தார்கள். சாவி என்பதால் மாற்ற முடிந்தது.

அதோடு, ரேகை ரகசியமும் அல்ல. தொடும் கண்ணாடியில் எல்லாம் அதை விட்டுச் செல்கிறோம். ஜெலட்டினில் செய்த போலி விரல் பல ஸ்கேனர்களை ஏமாற்றும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-லேயே காட்டினார்கள். 2008-ல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பு, அந்நாட்டு உள்துறை அமைச்சரின் ரேகையைத் தண்ணீர்க் கோப்பையிலிருந்து எடுத்து அச்சிட்டே வெளியிட்டது. எனவே ரேகை மட்டும் இருந்தால் பணம் போகும் என்ற ஏற்பாட்டை, அதுவும் கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில், நான் ஏற்க மாட்டேன். கூடவே அட்டையோ ரகசிய எண்ணோ இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ரேகையை அட்டையின் சிப்பில் மட்டும் வைத்தால் என்ன?

வைக்கலாம். ஜெர்மனியில் 2021 ஆகஸ்ட் முதல் புதிய அட்டைகளில் இரண்டு விரல்களின் ரேகை கட்டாயம். ஆனால் அது சிப்பில் மட்டுமே இருக்கும், மையத் தரவுத்தளம் கிடையாது. ஒருவர் அட்டை திருடு போனால் ஒருவருக்கே பாதிப்பு. ஆனால் ஒருவர் இரண்டு பெயரில் பதிவதை ரேகையால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மையத் தேடல் வேண்டும். சரியான பிறப்புப் பதிவேடு உள்ள நாட்டுக்கு அந்தத் தேடல் பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கருத்து. இருக்கும் தரவுத்தளத்தை அழிக்கவும் முடியும்: பிரிட்டன் 2006-ல் சட்டம் இயற்றித் தொடங்கிய அட்டைத் திட்டத்தை 2010-ல் ரத்து செய்து, பதிவேட்டையும் அழித்தது.

கேள்வி: கைக்குழந்தைக்கு ரேகை எடுக்கலாமா?

ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. ஆனால் வழக்கமான 500 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 500 புள்ளிகள்) ஸ்கேனருக்கு அந்தப் பிஞ்சு விரலின் கோடுகள் மிக நெருக்கம். விரலும் வளரும். எடுத்தாலும் பிறகு பொருந்துவது கடினம்.

கேள்வி: நான் சரிபார்ப்பு மையத்தில் வேலை செய்கிறேன். ரேகை விழாதவர் எதிரே நிற்கும்போது என்ன செய்வது?

கருவிழிக் கருவி இருந்தால் அதை முயலுங்கள். கண்புரை, கண் நடுக்கம் உள்ளவர்களுக்கு அதுவும் தோற்கலாம். பிறகு கைபேசிக்கு வரும் எண், அதுவும் இல்லையென்றால் அட்டையையும் படத்தையும் கண்ணால் பார்த்துக் கையெழுத்து வாங்கும் வழி. இந்தக் கடைசி வழிக்கு எழுத்துமூல அனுமதியை மேலதிகாரியிடம் இப்போதே வாங்கி வையுங்கள். ரேகை விழாதவர் எதிரே நிற்கும்போது தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்காது. ஒவ்வொரு தோல்வியையும் எந்த விரல், எந்தக் கருவி, எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். ஒரே கருவியில் பலருக்கும் தொடர்ந்து விழவில்லையென்றால் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லையென்றால் அந்தக் குறிப்பைக் காட்டிக் கருவியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.