இரண்டேகால் மணி போன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

ஒரு சஸ்பென்ஸ் தொலைக்காட்சி நாடகத்தை இரண்டே ராத்திரியில் பார்த்து முடித்தேன். தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு யாரென்று தெரியாத ஒருவன் போன் செய்து செய்து மிரட்டுகிறான். அவள் சொல்வதை வீட்டிலும் நம்பவில்லை, போலீசிலும் நம்பவில்லை. கடைசியில் பார்த்தால் அவன் அவளுக்கு ரொம்ப நெருக்கமான ஆள். எனக்கு மூன்று கேள்விகள். ஒன்று, அவள் ஏன் ஒவ்வொரு முறையும் போனை எடுக்கிறாள்? ஒயரைப் பிடுங்கிப் போட்டால் கதையே முடிந்ததே, ஒரு பெண் இவ்வளவு முட்டாளாகவா இருப்பாள்? இரண்டு, நெருக்கமானவனே குற்றவாளி என்று முடிப்பது பார்ப்பவரை ஏமாற்றுவது இல்லையா? மூன்று, நம்பர் திரையில் தெரிகிற இந்தக் காலத்தில் இப்படி ஒரு கதை எழுத முடியுமா? குறும்படத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

பி.கு: என் அக்காவுக்கும் ஆறு மாதமாக இப்படி ஒரு தொல்லை இருந்தது. ஸ்டேஷனுக்குப் போனோம். தமிழ்நாட்டு நம்பர், அந்தப் பக்கம் போய்க் கொடுங்கள் என்றார்கள். இப்போது அக்காவின் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். பிரச்சினை முடிந்தது.

அன்புடன்,
ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

தம்பி,

உங்கள் பெயரை எடுத்தது நான்தான். உங்களுக்காக இல்லை, அக்காவுக்காக.

அந்தப் பி.கு.தான் கடிதம். மேலே இருப்பதெல்லாம் சும்மா. வீட்டில் ஆறு மாதம் ஒரு பெண் போன் மணி கேட்டாலே பதறிக்கொண்டு இருந்திருக்கிறாள், அதைக் கடைசியில் நாலு வரியில் ஒதுக்கிவிட்டு, திரையில் இருக்கிறவள் ஏன் முட்டாள் என்று எனக்கு ஒரு பத்தி எழுதுகிறீர்கள். பிரச்சினை முடிந்ததாம். யாருக்கு? அவன் இன்னும் தன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பான். உங்கள் அக்கா ஒரு ரீசார்ஜ் செய்யக்கூட அப்பாவிடம் கேட்டு நிற்கிறாள். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், கோபமாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் உருப்படியான விஷயம். அந்தப் பக்கம் போய்க் கொடு என்று ஸ்டேஷனில் சொல்வதற்கு இப்போது வழியே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, போலீஸ் நேரடியாக எடுத்து விசாரிக்கக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வந்த புகாரை வாங்கிப் பதிய வேண்டும் என்கிறது, ஜீரோ எஃப்ஐஆர் என்று சொல்வது இதைத்தான். பெயர் சொல்லாமல் மிரட்டினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 351(4), பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 507. மிரட்டலே இல்லை, வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஓயாமல் கூப்பிடுகிறான் என்றால் 78. அது 2013இல்தான் 354டி என்று சட்டத்துக்குள் வந்தது, அதுவரை இதற்கென்று தனியாக ஒரு பிரிவே கிடையாது. எழுதிக்கொண்டு போங்கள், அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கால் லிஸ்ட்டை யாரும் அழித்திருக்கவில்லையே? போனைப் பிடுங்குகிற வீட்டில் முதலில் அதைத்தான் அழிப்பார்கள்.

சரி, கேள்விகள். மூன்றாவதை இங்கேயே முடித்துவிடுகிறேன். எழுதலாம், தாராளமாக. ஒன்றே ஒன்று, போலீஸ்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டு “இன்னும் ஒரு நிமிஷம் பேச்சுக் கொடும்மா, டிரேஸ் பண்ணிடலாம்” என்கிற சீனை மட்டும் வைத்துத் தொலைக்காதீர்கள். அது ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச், அதாவது இயந்திரமே லைன் சேர்த்த பழைய காலத்துச் சமாச்சாரம். லைன் உயிரோடு இருக்கும்போதே ஒருவர் ராக் ராக்காக நடந்து, லைன் சேர்க்கிற எந்த சுவிட்சிலிருந்து வந்திருக்கிறது என்று பின்னாலேயே பிடித்துக்கொண்டு போகவேண்டும், கூப்பிட்டவன் வைத்துவிட்டால் எல்லாம் கழன்று பழைய இடத்துக்குப் போய்விடும். அதனால் பேச்சை வளர்க்கச் சொல்வதில் அன்று அர்த்தம் இருந்தது. இன்று அவன் ஒரு ஹலோ சொல்லி வைத்தாலும் பதிவு இருக்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. நீங்கள் எப்போது தனியாக இருப்பீர்கள் என்று முன்பின் தெரியாதவனுக்கு எப்படித் தெரியும்?

ஸ்ட்ரௌஜர் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் சாவுக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கிற தொழில் நடத்தியவர். தனக்கு வரவேண்டிய போனையெல்லாம் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் போட்டிக் கடைக்காரனுக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம், அந்தப் பெண் போட்டிக்காரனின் மனைவி என்று கதை சொல்வார்கள். அந்தக் கடுப்பில், நடுவில் ஆளே இல்லாமல் தானாக லைன் சேருகிற இயந்திரத்தைக் கண்டுபிடித்து 1891இல் பேட்டண்ட் வாங்கினார். எனக்கு ரொம்ப நாளாக இதில் ஒரு யோசனை உண்டு. நடுவில் ஆள் இருந்த வரைக்கும் அநாமதேய போன் என்று ஒன்று இருந்திருக்கவே முடியாது. யார் கூப்பிடுகிறார், யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒருவருக்குக் கட்டாயம் தெரியும். ஆபரேட்டரை எடுத்த பிறகுதான் குரலுக்கு முகமில்லாமல் போயிற்று. இதைப் பல மேடையில் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். யோசனை சரிதான், கைதட்டல் வாங்கியதுதான் தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊர் பஸ்ஸில் அரைமணி நேரம். 1978, கோடை லீவு, நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பாவுக்குக் கொப்பரை மண்டி. ஊருக்கே முப்பத்துச் சொச்சம் போன்தான், எங்கள் நம்பர் 17. மண்டிக்குப் போன் கிடைக்கவில்லை, வீட்டில்தான் இருந்தது. ஆசாரத்து, அதாவது முன்கூடத்து, சுவரில் கறுப்பாக ஒரு பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி. அதைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்ச் போர்டில் 17 என்று போட்டிருக்கும் குட்டித் தகட்டு மூடி டப்பென்று விழும். அப்பாவோடு போனபோது ஒருமுறை பார்த்தேன், ஒற்றை அறை, ஜன்னல் பக்கம் போர்டு, பாலக்காட்டுக் காற்றில் மேசைக் காகிதம் பறக்காமல் இருக்க மேலே ஒரு கருங்கல். மூடி விழுந்ததும் ஆபரேட்டர் அந்த நம்பரின் ஓட்டையில் கார்டை, அதாவது ஒயரின் முனையை, செருகி “நம்பர்?” என்பார், கேட்ட நம்பரில் இன்னொரு முனையைச் செருகி மணியடிப்பார். ஒற்றப்பாலத்துக்காரர், நாங்கள் எல்லோரும் சேட்டன் என்போம்.

அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே மாமா போய்விட்டார். இருபத்து நாலு வயதில் திரும்பி வந்தவளை அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, பிடிவாதமாகக் கலர் சேலைதான் கட்ட வைத்தார். அவர் இருக்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் இரண்டேகாலுக்குப் போன் வர ஆரம்பித்தது. இரண்டு நாள் மூச்சு மட்டும். மூன்றாவது நாள், “இன்னிக்குப் பச்சை.” அவ்வளவுதான், வைத்துவிட்டான். மறுநாள், “மாம்பழக் கலரு.” கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, யோசித்துப் பாருங்கள், போலீசுக்குப் போயிருந்தாலும் என்ன சொல்லியிருப்போம்? சேலைக் கலரைச் சொல்கிறான் என்றா? அத்தை கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், அந்த வெயிலில். அப்புறமும் கலர் சரியாகவே வந்தது.

ஒருநாள் அவன் வைத்தவுடனே அம்மா பாய்ந்து போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். அம்மாவுக்குப் பிறந்த ஊர் காங்கேயம், எங்கள் ஊருக்கு வந்து பத்து வருஷமாகியும் மலையாளம் காதில் ஏறவில்லை. “ஏனுங்க, இப்பப் பேசுனது யாருங்க?” என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சேட்டன், “அறியாம்” என்றார். கார்டை உருவிவிட்டார்.

அம்மா எங்கள் பக்கம் திரும்பி, “தெரியாதாம்” என்றாள்.

உங்களுக்கு இந்நேரம் தூக்கிவாரிப் போட்டிருக்கும், நீங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், மலையாளத்தில் அறியாம் என்றால் தெரியும். தெரியாது என்றால் அறியில்லா என்றோ அறிஞ்ஞூடா என்றோ சொல்லியிருப்பார். ஆசாரத்தில் அன்று நாலு பேர் நின்றோம். எனக்கும் அத்தைக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அவர் சொன்னது எங்கள் காதில் விழவில்லை, அம்மா சொன்னதுதான் விழுந்தது.

இது எனக்கே தெரிந்தது 2009இல், பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு கல்யாண வீட்டில். பந்தி முடிந்து வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வீட்டுப் பெண் என்று சொன்னேன். “பதினேழு” என்றார் உடனே. அப்பா பெயர் அவருக்கு அப்புறம்தான் வந்தது. அத்தையைக் கேட்டார், இறந்து ஆறு வருஷமாச்சு என்றேன். நானாக எதுவும் கேட்கவில்லை. அவரே, “ஒன்பது” என்றார். “என்னும் ஒன்பதாணு வீழுன்னது.” தினமும் விழுந்த மூடி ஒன்பதாம் நம்பருடையது. ஒன்பது, அப்பாவின் மண்டிப் பங்காளி. கிடங்குச் சாவி வாங்கத் தினமும் காலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்காருவார். அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பது அத்தை.

சொல்லியிருக்கலாமே சேட்டா என்றேன். அவர் கோபித்துக்கொண்டார், நிஜமாகவே. “அன்னே பறஞ்ஞல்லோ, அறியாம்னு.” அப்போதே சொன்னேனே, தெரியும் என்று. அப்புறம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, “அச்சனோடும் பறஞ்ஞு” என்றார். அப்பாவிடமும் சொன்னாராம். முதல் வாரமே. மண்டியில் பாதி முதல் ஒன்பதாம் நம்பருடையது என்பது சேட்டனுக்கும் தெரியும்.

அப்பாவைக் கேட்க முடியாது, அவர் போய் அப்போதே பதினெட்டு வருஷம். ஆக, நடுவில் ஆள் இருந்தார். அவர் சொல்லவும் சொன்னார். இனிமேல் மேடையில் ஸ்ட்ரௌஜர் கதை சொல்ல எனக்கு வாய் வருமா?

ஸ்கிரிப்டுக்குப் பாடம் வேண்டுமானால் 1943இல் லூசில் ஃபிளெட்சர் அமெரிக்க வானொலிக்கு எழுதிய அரைமணி நாடகத்தைத் தேடிக் கேளுங்கள், லைன் குறுக்கே விழுந்து ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடும் நோயாளிப் பெண்ணின் கதை. அவள் ஆபரேட்டரைக் கூப்பிடுகிறாள், போலீசைக் கூப்பிடுகிறாள், பதில் வருகிறது, உதவி வருவதில்லை. கொலைகாரனைவிட எனக்கு அந்தப் பதில் குரல்கள்தான் கிலி.

அக்காவின் போனைத் திருப்பிக் கொடுங்கள். இன்றைக்கே. கொடுக்கும்போது அப்பாவிடம் ஒரு வார்த்தை, சண்டை போடாமல், அந்த நம்பர் யாருடையது என்று அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் நல்லது. பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

மறந்தே போனேன், அவள் ஏன் போனை எடுத்தாள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாடகத்துப் பெண் ஏன் எடுத்தாள் என்று எழுதியவரைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாம்பழக் கலருக்கு அடுத்த வாரம், அப்பத்தா பெட்டியைத் திறந்து இரண்டு வெள்ளைச் சேலைகளை எடுத்து அத்தையின் பாயில் வைத்துவிட்டுப் போனாள். திட்டவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் அத்தை வெள்ளை கட்டினாள். இரண்டேகாலுக்கு மணியடித்தது. நான் அவள் இடுப்பை ஒட்டி நின்றதால் எனக்கும் கேட்டது. “வெள்ளையும் நல்லாத்தான் இருக்குது.”

அத்தை ரிசீவரை மாட்டிவிட்டு அப்படியே நின்றாள். அப்பத்தா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும், மறுபடி மணி. பொள்ளாச்சி வியாபாரியின் ட்ரங்க் கால் தினமும் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் வரும், எடுக்காவிட்டால் அன்றைய கொப்பரை விலை தெரியாது, லோடு நிற்கும், சாயங்காலம் அப்பா வீட்டைத் தலைகீழாக்கிவிடுவார். போனுக்குக் கீழே ஆணியில் ஒரு சிலேட்டுத் தொங்கும். அத்தை எடுத்தாள். “சொல்லுங்க” என்றாள். விலையை எழுதினாள், முதல் தரம், இரண்டாம் தரம், தனித்தனியாகக் கோடு போட்டு. முந்தானையால் ஓரத்தைத் துடைத்துவிட்டு, மண்டிக்குக் கொண்டுபோய்க் கொடு என்று சிலேட்டை என் கையில் கொடுத்தாள்.

நான் ஓடினேன். மண்டியில் அப்பா இல்லை, வாங்கிக்கொண்டது பங்காளிதான்.